ரேடார் பார்த்தது, தராசு சொன்னது

புதிதாக வேலைக்குச் சேர்ந்து ஆளுக்கொரு ஆலைக்குப் போகப்போகும் உங்களுக்கு ரேடார் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. பேச ஆரம்பித்தால் யாரையாவது திட்டிவிடுவேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இதிலும் திட்டு உண்டு. ஆனால் பெரும்பாலும் என்னையேதான் திட்டியிருக்கிறேன், பயப்படாமல் படிக்கலாம்.

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் வழியில் ஒரு கோழித்தீவன ஆலை. அங்கேதான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாகச் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். பாலிடெக்னிக் முடித்த கையோடு சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவள். "பொம்பளப் புள்ளைங்க, அவ்வளவு ஒசரம் ஏறுமா?" என்று முதல் நாள் ஒருவர் கேட்டார். ஏறினேன். இறங்கி வந்து அவரை ஏறச் சொன்னேன். அவர் பாதி ஏணியில் நின்றுகொண்டு சாமியைக் கூப்பிட்டார்.

ரேடார் என்றால் உங்களுக்கு விமானமும் கப்பலும் ஞாபகம் வரும். நம் ரேடார் அப்படிப் பெரிய மனுஷன் இல்லை. சோறு கொண்டுபோகும் ஒரு தூக்குப்போசி அளவுதான் இருக்கும். சைலோவின், அதாவது தானியம் கொட்டிவைக்கும் உயரமான தகரக் குதிரின் உச்சியில், கூரையின் நடுவிலிருந்து கொஞ்சம் ஓரமாக, கவிழ்ந்து உட்கார்ந்து உள்ளே கொட்டியிருக்கும் மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் அலையைக் கீழே அனுப்பும். அது சோளத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பி வரும். போய் வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துச் சோளம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். கிணற்றுக்குள் கத்திப் பார்த்து எதிரொலியை வைத்து ஆழம் சொல்வதைப் போலத்தான்.

அதற்கு முன்பு ஒலியை அனுப்பிப் பார்க்கும் கருவிதான் இருந்தது. தீவன ஆலையில் சோளத்தை மேலே ஏற்றும் எலிவேட்டர் ஓட ஆரம்பித்தால் சைலோவுக்குள் கிளம்பும் தூசியைப் பார்த்தால்தான் தெரியும். ஒலி பாதி வழியிலேயே செத்துப்போகும். கருவி திருதிருவென்று முழிக்கும். ரேடாருக்குத் தூசி ஒரு பொருட்டே இல்லை. அது வந்த வாரத்தில், "இந்தப் பொட்டியில இருந்து வர்ற கதிரு சோளத்துல எறங்கி, அதைத் தின்ன கோழி முட்டை போடாம நின்னு போயிருமாம்" என்று ஆலை முழுக்க ஒரே பேச்சு. கோழிகள் வழக்கம்போல முட்டை போட்டன. பேச்சும் அடங்கியது.

ஐந்தாம் நம்பர் சைலோவில் மட்டும் ரேடார் ஒரு வாரம் என்னைப் பைத்தியமாக்கியது. சைலோ காலியாக இருக்கும். அது பாதி நிறைந்திருக்கிறது என்று சாதிக்கும். கடைசியில் பார்த்தால் உள்ளே இருக்கும் ஏணியின் ஒரு படி, அலை போகும் வழியில் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரேடார் அந்தப் படியைப் பார்த்துவிட்டு "இதோ சோளம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. தன் கண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறதோ அதைச் சொன்னது. சோளமா இரும்பா என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. அன்று நான் சிரித்துக்கொண்டே அதைச் சரி செய்தேன். அப்போதே கொஞ்சம் யோசித்திருந்தால் பின்னால் வந்தது வராமல் போயிருக்கும்.

ரேடார் மட்டும் போதாது என்றுதான் சைலோவின் கால்களுக்கு அடியில் லோடு செல் வைப்பார்கள். அது தராசு. ரேடார் உயரம் சொல்லும், லோடு செல் எடை சொல்லும். எங்கள் கண்ட்ரோல் ரூம் பேனலில் ஒவ்வொரு சைலோவுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டைகள். ரேடார் கணக்குப்படி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஒன்று காட்டும், எடைக் கணக்குப்படி எவ்வளவு என்று இன்னொன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்க வேண்டும்.

எங்கள் ஆலையில் ஒரு பழக்கம் இருந்தது. நீங்கள் போகும் இடத்திலும் இருக்கும். இரண்டு பட்டைகளும் ஒத்துப்போகவில்லை என்றால், எது தப்பு என்று ஒரு முடிவுக்கு வந்து, அதன் காலிபரேஷனை, அதாவது அளவுக் கணக்கைத் திருகி மற்றதோடு சேர்த்துவைத்துவிடுவோம். "சமாதானம் பண்ணிவிடறது" என்று அதற்குப் பெயர். குடும்பச் சண்டையைத் தீர்த்துவைத்த மாதிரி பெருமை வேறு. நான் அதில் கைதேர்ந்தவள்.

இப்போது செல்லப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சைலோவில் சோளம் அடைத்துக்கொண்டால் உள்ளே இறங்கி நீளக் கம்பியால் குத்தி விடுகிற ஆள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஒல்லியாக, சத்தமே போடாமல் நடப்பார். அவர் மனைவி ராசம்மா அதே ஆலையில் மூட்டை தைக்கும் பிரிவில் இருந்தார். செல்லப்பனுக்கு எழுதப் படிக்கச் சுமாராகத்தான் வரும். ஆனால் சைலோவின் தகரத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே எதுவரை சோளம் இருக்கிறது என்று சொல்லுவார். ரேடார் வந்த பிறகு தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். இறங்குவதற்கு முன்னால் கண்ட்ரோல் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்று கேட்பார்:

"அம்மிணி, உங்க பொட்டி என்னுங்க சொல்லுது?"

நான் சொல்லுவேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஏறிப் போவார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. வருடக் கணக்கில் அதே ஒரு கேள்வி, அதே மாதிரி ஒரு பதில்.

அந்த வருடம் ஐப்பசி மழை கொஞ்சம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. தம்மம்பட்டிப் பக்கமிருந்து வந்த சோளத்தில் ஈரம் இருந்தது. காயப்போட்டுத்தான் ஏற்றினார்கள், ஆனாலும் ஈரம் முழுக்கப் போகவில்லை. மூன்றாம் நம்பர் சைலோவில் இரண்டு நாளாக இரண்டு பட்டைகளும் சண்டை. ரேடார், பத்தில் ஏழு பங்கு நிறைந்திருக்கிறது என்றது. லோடு செல், நாலு பங்குதான் என்றது.

மேனேஜர் வந்து பார்த்தார். "ஏனுங்க மேடம், ஒரே சைலோ, ரெண்டு பேச்சுப் பேசுதே? நாளைக்கு வெளிய இருந்து ஆளுக வர்றாங்க. இதைக் காட்டி நான் என்னன்னு சொல்றது?"

"லோடு செல்தாங்க சார் தப்பு. போன மாசம் இடி விழுந்துச்சில்ல. எலி வேற ஒயரக் கடிச்சிருக்கு. நான் சமாதானம் பண்ணிடறேன்" என்றேன்.

ஒரு காரணமும் இல்லாமல் சொல்லவில்லை. இடி விழுந்தது உண்மை. எலி கடித்தது உண்மை. அதற்கு முன் ஒருமுறை லோடு செல் தப்பாகவும் ரேடார் சரியாகவும் இருந்ததும் உண்மை. இத்தனை உண்மைகளைக் கையில் வைத்துக்கொண்டு சைலோவின் உச்சிவரை ஒருமுறை ஏறிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது, ஏணி வழுக்கும். பேனலில் உட்கார்ந்தபடியே லோடு செல்லின் கணக்கைத் திருகினேன். நாலு பங்கில் இருந்த பட்டை சரசரவென்று ஏறி ஏழில் வந்து ரேடாரின் பக்கத்தில் நின்றது. இரண்டும் பச்சையாக, ஒரே உயரத்தில். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!

என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகைக் கடையில் தராசு பிடித்தவர். முள் நடுவில் நின்று அசைவு அடங்கும்வரை கை வைக்காதவர். அவர் மகள் ஒரு தராசின் முள்ளை விரலால் நகர்த்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

மறுநாள் மதியம் மூன்றாம் சைலோவின் அடியில் சோளம் இறங்குவது நின்றுபோனது. அடியிலிருந்து சோளத்தை இழுத்து வெளியே தள்ளும் ஸ்குரூ வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. மேலே கட்டி கட்டிவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. செல்லப்பன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"அம்மிணி, உங்க பொட்டி என்னுங்க சொல்லுது?"

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பட்டை, ஒரே உயரம்.

"ஏழு பங்கு இருக்குங்க. அடி வரைக்கும் நெறஞ்சு கெட்டியாத்தான் இருக்கும். தைரியமா இறங்குங்க."

அந்த "தைரியமா" என்ற வார்த்தையை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டது.

உள்ளே என்ன நடந்திருந்தது என்று இப்போது சொல்லிவிடுகிறேன். ஈரச் சோளம் மேலே ஒன்றோடொன்று ஒட்டி இறுகி, ஒரு கெட்டி ஓடாக, கூரை மாதிரி நின்றுவிட்டது. அதற்கு அடியில் இருந்ததை ஸ்குரூ இழுத்து இழுத்துக் காலி செய்திருந்தது. ரேடார் அந்தக் கூரையைப் பார்த்து ஏழு என்றது. சரிதான். லோடு செல் உண்மையில் இருந்த எடையைச் சொல்லி நாலு என்றது. அதுவும் சரிதான். இரண்டும் சேர்ந்து இரண்டு நாளாக ஒரே சேதியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன: மேலே ஓடு, கீழே வெற்றிடம். நான்தான் ஒன்றின் வாயைப் பொத்தினேன்.

செல்லப்பன் இடுப்பில் கயிறு கட்டி, அதன் மறுமுனையை மேலே கைப்பிடிக் கம்பியில் முடிந்துவிட்டு இறங்கினார். நின்று நாலு குத்து குத்தியிருப்பார். ஓடு உடைந்தது.

மேலே நின்றவர்கள் போட்ட சத்தம் கண்ட்ரோல் ரூம் வரை கேட்டது. நான் ஓடிப்போய் ஏணியடியில் நின்றேன். நெஞ்சுவரை சோளத்துக்குள் போய்விட்டார் என்றார்கள். கயிறு இருந்ததால் தலை வெளியே இருக்கிறது. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கதறிய கதறலில் விட்டுவிட்டார்கள். நெஞ்சுவரை தானியத்தில் புதைந்த ஆளை இழுத்தால் ஆள் வரமாட்டார், உடம்பு பிய்ந்துவிடும்.

ஆலையின் ஃபிட்டர், முன்பு கிணறு வெட்டும் வேலை பார்த்தவர், மண் சரிவில் மாட்டியவரை வெளியே எடுத்த அனுபவம் உள்ளவர். "இழுக்காதீங்கடா! சுத்தியும் தகரத்தை எறக்கணும், அப்பறம் உள்ள இருக்கறத அள்ளணும்" என்று கத்திக்கொண்டே வழவழப்பான தகர ஷீட்டுகளைப் பாய் போலச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். பின்னாலேயே பலகைகளோடு நாலு பேர். மூட்டை தைக்கும் பிரிவிலிருந்து ராசம்மா ஓடி வந்தார். கையில் தைக்கிற நூல் அப்படியே சுற்றியிருந்தது. அவர் அழவில்லை. ஏணியின் அடிக்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பேனலுக்குத் திரும்பி ஓடினேன். உதவி செய்யத்தான் ஓடினேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராசம்மாவிடமிருந்து ஓடினேன் என்பதுதான் உண்மை.

பேனலில் ரேடார் பட்டை கொஞ்சம்கூட அசையவில்லை. லோடு செல் பட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நூல் அளவு. கொஞ்ச நேரத்தில் இன்னொரு நூல்.

எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்றிருந்தார். "ஸ்குரூவ நிறுத்தியாச்சா?" என்று கேட்டேன்.

"அப்பவே நிறுத்தியாச்சுங்க மேடம். நானே ஃபியூசப் புடுங்கி பாக்கெட்ல போட்டிருக்கேன், பாருங்க" என்று எடுத்துக் காட்டினார்.

"லோடு செல் இறங்குது."

"அது எலி கடிச்சதுங்க. நேத்து நீங்கதானே சொன்னீங்க? ரேடாரப் பாருங்க, அசையவே இல்லை. சோளம் ஓடலைங்க."

நேற்று நான் சொன்ன வார்த்தை இன்று என் முன்னாலேயே வந்து நின்றது. சோளம் ஓடவில்லை என்றால் மேலே இருப்பவர்கள் நிதானமாக அள்ளலாம். ஓடுகிறது என்றால் செல்லப்பனின் காலை அது ஒவ்வொரு நிமிடமும் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. கயிறு எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் என் மூளை வேகமாக வேலை செய்தது என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. எது நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் அன்றுதான் முதல்முறையாக எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கேள்வியே சரியாக வந்தது. ரேடார் சொல்வதும் சரி, தராசு சொல்வதும் சரி என்றால், உள்ளே என்ன நடந்திருக்க வேண்டும்? ஓடு முழுவதும் உடையவில்லை. ரேடாரின் கண்ணுக்குக் கீழே ஓர் ஓரத்தில் கொஞ்சம் ஓடு அப்படியே நிற்கிறது. அது அதையே பார்த்துக்கொண்டு ஏழு, ஏழு என்கிறது. மற்ற இடத்தில் சோளம் கீழே போய்க்கொண்டிருக்கிறது. யார் இழுக்கிறார்கள் என்று தெரியாது. யாரோ இழுக்கிறார்கள்.

"மெயினை ஆஃப் பண்ணுங்க" என்றேன்.

"மேடம்! மெயின ஆஃப் பண்ணா சைலோக்குள்ள லைட்டு போயிரும். காத்து போற புளோயரும் நின்னுரும். உள்ள ஆளுக இருக்காங்க. மேனேஜர் சொல்லாம நான் கை வெக்க மாட்டேனுங்க."

மேனேஜர் கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸுக்கு வழி காட்ட நின்றிருந்தார். போய்க் கூட்டி வர ஐந்து நிமிடம். பட்டை இன்னொரு நூல் இறங்கியது. நான் எலக்ட்ரீஷியனைத் தள்ளிவிட்டு மெயின் பிரேக்கரை இறக்கினேன்.

ஆலையே மூச்சு நின்ற மாதிரி ஆனது. நாங்கள் வேலை நேரத்தில் கேட்டே பழகாத அமைதி. பேனலுக்கு மட்டும் தனி பேட்டரி உண்டு, அது ஒளிர்ந்துகொண்டிருந்தது. அப்புறம் மேலேயிருந்து வசவு. எவன்டா கரண்ட்ட நிறுத்துனது, கண்ணு தெரியலடா, போடுங்கடா. என் வீட்டில் மூன்று தலைமுறை வரை இழுத்துத் திட்டினார்கள். எலக்ட்ரீஷியன் என் முகத்தையே பார்த்தார். திரும்பப் போட்டுவிடலாமா என்று என் கை பிரேக்கர் பக்கம் போய் வந்தது. பட்டையைப் பார்த்தேன். நின்றுவிட்டதா, இல்லை என் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா என்று புரியவில்லை.

ஏணியில் ஆட்கள் வரிசையாக நின்று மேலேயிருந்து சொல்வதைக் கீழே கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்தவர் வாங்கிச் சொன்னார். அதற்கு அடுத்தவர். கடைசியில் வாசலில் நின்றவர் என்னைப் பார்த்துக் கத்தினார்.

"காலை இழுத்துட்டு இருந்தது நின்னு போச்சுன்னு செல்லப்பண்ணன் சொல்றாருங்க!"

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எது இழுத்தது என்று பிறகு கண்டுபிடித்தோம். மூன்றாம் சைலோவின் பக்கவாட்டில் கலவைப் பிரிவுக்குப் போகும் சின்ன ஸ்குரூ ஒன்று உண்டு. கலவைக் கம்ப்யூட்டருக்குச் சோளம் வேண்டும்போது அது தானாக ஓடும். அந்த நேரம் பார்த்து அதற்குச் சோளம் வேண்டியிருந்தது. மனிதர்கள் யாரும் அதை ஓடவிடவில்லை, அதனால் யாருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அதை மட்டும் தனியாகத் துண்டித்துவிட்டு மறுபடி லைட்டைப் போட்டோம். ஃபிட்டரும் ஆட்களும் பலகை மேல் படுத்துக்கொண்டு, தகரத்தைச் செல்லப்பனைச் சுற்றி வளைத்து இறக்கி, உள்ளே இருந்த சோளத்தைக் கையாலும் தட்டாலும் அள்ளி அள்ளி வெளியே கொட்டினார்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வெளியே தூக்கி வரும்போது செல்லப்பன் தலையிலிருந்து கால்வரை மஞ்சளாக இருந்தார். ராசம்மா அப்போதுதான் ஏணியை விட்டார். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி செல்லப்பன் ஃபிட்டரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எல்லோரும் பதறிப்போய்க் குனிந்தார்கள்.

"என்ற செருப்பு ஒண்ணு உள்ளாரயே கெடக்குதுங்க. கோழித் தீவனத்துல போயிரும். எடுத்துப்போடுங்க."

ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்வரை சிரித்தோம். சாத்திய பிறகு எல்லோருக்கும் அழுகை வந்தது.

அடுத்த இரண்டு நாளும் ஆலையில் நான்தான் தெய்வம். "மேடம் மெயினை இறக்கலேன்னா ஆளு இல்லைங்க" என்று என்னைத் திட்டியவர்களே வந்து சொன்னார்கள். மேனேஜர் ஓர் அறிக்கை தயார் செய்து கையெழுத்துக்குக் கொடுத்தார். அதில் என்னைப் பாராட்டி மூன்று வரி இருந்தது. செல்லப்பன் சரியாக விசாரிக்காமல் இறங்கியதாக ஒரு வரி இருந்தது. அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

விலா எலும்பு இரண்டில் விரிசல். கால் வீங்கியிருந்தது. தூசி போன நெஞ்சு பேசும்போதெல்லாம் இருமியது. ராசம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையையும் சேர்த்து என் காலுக்குக் குனிந்தார். நான் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினேன். நிறுத்தியபடியே சொல்ல ஆரம்பித்தேன். கையை விட்டால் சொல்லமாட்டேன் என்று பயம். லோடு செல் சரியாகத்தான் சொன்னது, நான்தான் மாற்றிவைத்தேன், அதை நம்பித்தான் இறங்கச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப உங்க பேச்சக் கேட்டுத்தான் எறங்குனாருங்களா?" என்று ராசம்மா கேட்டார்.

"ஆமாங்க."

செல்லப்பன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். ராசம்மா என் கையை விலக்கிவிட்டுப் போய் உட்கார்ந்து, மூடியிருந்த தூக்குப்போசியைத் திறந்தார்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா சாகற வரைக்கும் உங்களக் கும்பிட்டிருப்பேனுங்க. இனிக் கும்புட முடியாதுங்க." ஒரு தட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "ஒக்காருங்க. சோறு இருக்குது."

அந்தச் சோற்றை எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். செல்லப்பன் கண்ணைத் திறக்கவே இல்லை. தூங்கினாரா, என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. மேனேஜரின் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொன்று எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. அதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. கண்ட்ரோல் ரூம் வாசலில் அந்த மனிதர் இல்லாமல் போன நாலு மாதம்தான் கஷ்டம்.

அந்த நாலு மாதத்தில் ஆலை கொஞ்சம் மாறியது. பாதுகாப்பு பெல்ட் இல்லாமல், மூன்று பேர் மேலே நிற்காமல், எல்லா ஸ்குரூவுக்கும் பூட்டு போடாமல் யாரும் இறங்கக் கூடாது என்றானது. பட்டைகளைச் சமாதானம் செய்யும் வழக்கத்தை நானே நிறுத்தினேன். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், போகவில்லை என்று பலகையில் எழுதிவைக்கச் செய்தேன். எழுதுவது சுலபம். வாயைத் திறந்து சொல்வதுதான் சுலபமில்லை. எத்தனை பெரிய படிப்புப் படித்தாலும், "தெரியலை" என்ற வார்த்தை மட்டும் நமக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ளும்.

செல்லப்பன் திரும்பி வந்தார். சைலோ மேலே நின்று ஆட்களை இறக்குவதும் ஏற்றுவதும் இனி அவர் பொறுப்பு என்றார்கள். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். வந்த இரண்டாம் வாரம் ஆறாம் சைலோ அடைத்துக்கொண்டது. வெளியே லாரிகள் வரிசை கட்டி நின்றன. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். சைலோ உச்சியில் புதிதாக வைத்த போனிலிருந்து செல்லப்பன் கூப்பிட்டார்.

"அம்மிணி, ஆளு பெல்ட்டு போட்டுத் தயாரா நிக்கறானுங்க. எறக்கட்டுங்களா?"

ரேடார் ஆறு பங்கு என்றது. லோடு செல் ஐந்தரை. பெரிய வித்தியாசமில்லை. ஈரச் சோளம் எடை கூடவும் காட்டும், குறையவும் காட்டும், எத்தனையோ காரணம் சொல்லலாம். எல்லாக் காரணமும் என் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது.

"எனக்குத் தெரியலைங்க" என்றேன்.

"என்னுங்க?"

"உள்ள எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியலைங்க. இறக்க வேண்டாம்."

மேனேஜர் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். போனில் காற்று மட்டும் கேட்டது. அப்புறம் செல்லப்பன், "செரிங்க அம்மிணி. நாங்க மேலயே ஒக்காந்துக்கறோம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வெளியேயிருந்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி, மேலேயிருந்து நீளக் கம்பியால் குத்திக் குத்தி, மாலைவரை ஆனது. கட்டி உடைந்து விழுந்தபோது பெரிய பள்ளம் ஒன்றும் இல்லை. ஆளை இறக்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மேனேஜர் அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். லாரிக்காரர்கள் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். எனக்குக் காது எரிந்தது.

ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது செல்லப்பன் கண்ட்ரோல் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ஒரு வீணான நாளுக்கு மன்னிப்புக் கேட்கலாமா என்று நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"ஊட்டுக்குப் போயி ராசம்மாகிட்டச் சொல்றேனுங்க," என்றார். "இன்னைக்கு அம்மிணிக்குத் தெரியலையாம்னு. கேட்டா சந்தோசப்படுவா."